வாசல் அங்கே, கோயில் இங்கே

கோயிலுக்குப் போக பாஸ்போர்ட் கேட்ட இடம் என் அனுபவத்தில் அது ஒன்றுதான். கம்போடியாவின் வடக்குக் கோடியில், டாங்ரெக் மலையடிவாரத்தில் இருக்கும் கோ முய் என்ற சின்ன ஊர். 2019 டிசம்பர். சீட்டுக் கொடுக்கும் பெண் என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எதைத் தேடுகிறார் என்று புரியவில்லை. "தாய்லாந்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்திருப்பார்" என்றார் பிறகு என் டிரைவர். அது அவருடைய ஊகமாகவும் இருக்கலாம். எப்படியோ சீட்டு கிடைத்தது. 10 டாலர். மேலே ஏற்றிவிடும் மோட்டார் பைக்குக்குத் தனியாக 5 டாலர்.

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றியிருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். இங்கே கான்கிரீட் சாலை செங்குத்தாக மலையின் மார்பில் ஏறுகிறது. கடைசி ஏற்றத்தில் பைக்கின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளுமோ என்று ஓட்டுகிற பையனின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவன் சிரித்தான். வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

பிரே விஹியர் கோயிலுக்குப் போகிற யோசனை அங்கோர் வாட்டில் கூட்டம் தாங்காமல்தான் வந்தது. சியம் ரீப்பிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பினோம். அந்த ஊர்ப் பெயரே ஓர் எல்லைத் தகராறு. சியாம்காரன், அதாவது அந்தக் காலத்துத் தாய்லாந்துக்காரன், மண்ணைக் கவ்விய ஊர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் 1795 வாக்கிலிருந்து 1907 வரை அந்த ஊரும் அங்கோரும் சியாம் கையில்தான் இருந்தன. டிரைவர் என்னை "பாங்" என்றே கூப்பிட்டார். கெமர் மொழியில் அண்ணன் என்று அர்த்தம்; அக்காவுக்கும் அதே சொல்தான். வழிநெடுகக் கடைப் பலகைகளின் எழுத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். படிக்கத் தெரியாது. ஆனால் சில எழுத்துகளின் வளைவைப் பார்க்கும்போது எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருக்கும். அந்த எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது.

வழியில் ஆன்லாங் வெங். கெமர் ரூஜின் கடைசிக் கோட்டை. அங்கிருந்து மலையேறினால் சோவாம் என்ற எல்லைக் கணவாய். தாய்லாந்துக்காரர்கள் அதைச் சோங் சாங்கம் என்கிறார்கள். கணவாய்க்குப் பக்கத்தில், புதருக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்கு மேல் கொஞ்சம் தூக்கி வைத்த துருப்பிடித்த தகரக் கூரை. 1998 ஏப்ரலில் கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் உடலை எரித்த இடம். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. இந்தக் கணவாயின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரே விஹியர் மலைமேல் போய்ச் சேர்ந்ததும் முதலில் திசை குழம்புகிறது. கெமர் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. இது வடக்கு பார்த்தது. மலையின் வடபுறம் மெல்லச் சரிந்து தாய்லாந்தின் சிசாகெட் மாகாணத்துக்குள் இறங்குகிறது. தென்புறம் 500 மீட்டருக்கு மேல் ஒரே வெட்டாக வெட்டி விழுகிறது. கீழே கம்போடியச் சமவெளி. கோயில் வடக்கில் பிரம்மாண்டமான கல் படிக்கட்டில் தொடங்கி, ஐந்து கோபுர வாசல்களைத் தாண்டி, சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு ஏறி ஏறி வந்து, கர்ப்பகிருகத்தோடு பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது. அதாவது வாசற்படி தாய்லாந்தைப் பார்த்து இருக்கிறது, மூலவர் கம்போடியாவின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படிக்கட்டின் அடியில் நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. ஒரு காலத்தில் தாய்லாந்துச் சுற்றுலாக்காரர்கள் அந்த வழியாகத்தான் சாரிசாரியாக வந்தார்கள். கம்போடியப் பக்கத்திலிருந்து வண்டி ஏறும்படி சாலை வந்ததே 2003இல்தான்.

சுவாமிக்குப் பெயர் சிகரேஸ்வரர். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் யசோவர்மன் தொடங்கியது. இன்று நிற்பதில் பெரும்பகுதி முதலாம் சூரியவர்மன், இரண்டாம் சூரியவர்மன் காலத்தவை. இந்த இரண்டு பேருமே நமக்கு வேண்டியவர்கள். முதலாம் ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ அரசன் ஒருவன் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறதே, அப்போது அங்கே ஆட்சியில் இருந்தவன் முதலாம் சூரியவர்மன். முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் காட்டிய அபூர்வக் கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் வைக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அது 1114ஆம் ஆண்டு. இரண்டாம் சூரியவர்மன் பட்டத்துக்கு வந்த மறுவருடம். அந்த அரசனின் குரு திவாகர பண்டிதர், பிரே விஹியர் கோயிலுக்குப் பொன்னால் ஆன ஆடும் சிவனைக் கொடுத்தார் என்று இங்கே கிடைத்த கல்வெட்டு கூறுகிறது. சிதம்பரத்துக்குக் கல், இங்கே ஆடவல்லான். இதற்கு மேல் முடிச்சுப் போட ஆசைதான். ஆராய்ச்சியாளர்கள் அடிப்பார்கள்.

நாகங்கள் படமெடுத்து நிற்கும் முற்றத்தைத் தாண்டினால் முதல் கோபுர வாசல். கோபுரம் என்றதும் மதுரையை நினைக்கக்கூடாது. சிலுவை வடிவில் தூண்கள், மேலே கூரை இல்லை, வானம். அதற்கு அடுத்த வாசலின் முகப்பில் பாற்கடல் கடையும் காட்சி. மூன்றாவது வாசலில் நந்திமேல் சிவனும் உமையும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் தூளியில் படுத்திருந்த ஒரு சிப்பாய் எழுந்து வந்தார். காலில் ரப்பர் செருப்பு, தோளில் துப்பாக்கி. "உங்கள் ஊரில் இந்தச் சாமி இருக்கிறதா?" என்று டிரைவர் மூலம் கேட்டார். தெருவுக்கு ஒன்று இருக்கிறது, பிரதோஷத்தன்று மாட்டின் மேல் ஏற்றிக் கோயிலைச் சுற்றுவோம் என்றேன். டிரைவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கிய பதுங்கு குழி. அதன் வாயில் ஒரு கோழி குஞ்சுகளோடு கிளறிக்கொண்டிருந்தது. தூணில் இருந்த சில வெள்ளைப் பொத்தல்களைத் தொட்டுக் காட்டினார். 2011இல் தாய்லாந்தோடு நடந்த சண்டையில் விழுந்தவை. ஆயிரம் வருடக் கல் கறுத்துப்போயிருக்க, குண்டு பட்ட இடம் மட்டும் நேற்று உடைத்த தேங்காய் மாதிரி இருந்தது.

மூலஸ்தானம் இடிந்து கிடக்கிறது. உள்ளே இப்போது புத்தர். மணல் நிரப்பிய டப்பாவில் ஊதுவத்திகள். சுற்றுப் பிராகாரத்தின் தெற்குச் சுவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி மூடிக்கிடக்கிறது. இவ்வளவு தூரம் ஏறிவந்தவனுக்கு உள்ளிருந்து அந்தக் காட்சி கிடைக்காது. வெளியே சுற்றிக்கொண்டு போய்ப் பாறை விளிம்பில் நின்றால்தான் தெரியும். நின்றேன். வயிற்றுக்குள் ஏதோ நழுவியது.

கோயில் யாருக்கு என்று தாய்லாந்தும் கம்போடியாவும் நடத்திய வழக்கின் மையம் அந்த விளிம்புதான்.

1904 பிப்ரவரி 13ஆம் தேதி பிரான்சும் சியாமும் ஒரு ஒப்பந்தம் போட்டன. டாங்ரெக் மலையில் எல்லை எது? நீர்பிரி மேடு என்றது ஒப்பந்தம். மழைத்தண்ணீர் தெற்கே சென் ஆற்றுப் பக்கம் ஓடினால் பிரெஞ்சு இந்தோசீனா, வடக்கே மூன் ஆற்றுப் பக்கம் ஓடினால் சியாம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! (கடைசியில் இரண்டு பக்கத் தண்ணீரும் மீகாங்கில்தான் போய்க் கலக்கிறது என்பது வேறு விஷயம்.) தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கோடு போட இரு தரப்பும் சேர்ந்த ஒரு குழு அமைந்தது. பிரெஞ்சுத் தரப்புக்குக் கர்னல் பெர்னார் தலைமை. கிழக்கு டாங்ரெக்கை அளக்க ஊம் என்ற கேப்டனை அனுப்பினார்கள். வரைபடம் தயாரிக்கும் வேலையைச் சியாம் அரசாங்கமே பிரெஞ்சு அதிகாரிகளிடம் விட்டுவிட்டது. பாரீஸில் அச்சாகி 11 வரைபடங்கள் 1908இல் பாங்காக் போய்ச் சேர்ந்தன. அதில் டாங்ரெக் தாளில் கோயில் கோட்டுக்குத் தெற்கே, கம்போடியாவுக்குள் இருந்தது.

பாறை விளிம்பில் நிற்கிற யாருக்கும் சந்தேகம் வரும். விளிம்பே நீர்பிரி மேடு என்றால், கோயில் அதற்கு வடக்கேயல்லவா இருக்கிறது? தாய்லாந்து பின்னாளில் கேட்டது இதைத்தான். ஒப்பந்தத்தின் வாசகம் ஒன்று சொல்கிறது, வரைபடத்தின் கோடு ஒன்று சொல்கிறது. எது செல்லும்?

வரைபடத்தின் அளவு 1:2,00,000. ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 200 மீட்டர். நான் மூச்சு வாங்க ஏறிவந்த 800 மீட்டர் கோயில் அந்தத் தாளில் நான்கு மில்லிமீட்டர். எறும்பு நீளம். கேப்டனின் பேனா அரை மில்லிமீட்டர் வடக்கே தள்ளிப்போனால் 100 மீட்டர் நிலம் நாடு மாறிவிடும்.

எங்கள் தாத்தாவுக்குக் கிணற்றுமேட்டில் ஒரு காடு இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு வருடம் சர்வே கல்லும் காணாமல் போனது. தாத்தா வாயே திறக்கவில்லை. காரணம், அந்த மனிதரிடம் வாங்கிய கடன். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அப்பா வழக்குப் போட்டபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீர்கள்? பன்னிரண்டு வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டுவந்தால் அனுபவ பாத்தியம். வழக்கு தோற்றது. பிரே விஹியர் தீர்ப்பைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்த வக்கீலின் குரல்தான் கேட்டது.

ஏனென்றால் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 1962 ஜூன் 15 அன்று சொன்னதும் சாராம்சத்தில் அதுவே. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. 1908இல் வரைபடம் வந்தது, பார்த்தீர்கள், வாங்கிக்கொண்டீர்கள், பேசாமல் இருந்தீர்கள், ஆகவே ஏற்றுக்கொண்டீர்கள். கோயில் கம்போடியாவுடையது என்று ஒன்பது நீதிபதிகள், இல்லை என்று மூன்று பேர்.

பேசாமல் இருந்தவர் சாமானியர் அல்லர். இளவரசர் தம்ரோங், சியாமின் உள்துறை அமைச்சர், அரசர் சூலலோங்கோனின் தம்பி. வரைபடங்களுக்கு நன்றி சொன்னதோடு, மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அந்தப் பதினைந்து பிரதிகள் அரை நூற்றாண்டு கழித்து அவர் நாட்டுக்கு எதிரான சாட்சியாயின. 1930இல், பதவியிலிருந்து விலகி வரலாற்று ஆராய்ச்சியில் இருந்த அதே தம்ரோங் இந்தக் கோயிலைப் பார்க்க வந்தார். மலைமேல் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு ரெசிடெண்ட் அரசு உடுப்பில் நின்று, வீட்டுக்காரர் விருந்தாளியை வரவேற்பதுபோல வரவேற்றார். தம்ரோங் திரும்பிப் போய்ப் புகைப்படங்களை அனுப்பிவைத்தார். எதிர்ப்புச் சொல்லவில்லை. நீதிமன்றம் இதையும் கணக்கில் வைத்தது.

அவருடைய மகளும் அந்தப் பயணத்தில் உடன் இருந்தவர். அவருடைய வாக்குமூலம் வழக்கில் தாக்கலானது. எதிர்ப்புத் தெரிவித்தால் இன்னும் கொஞ்சம் நிலத்தைப் பிடுங்க பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாக்குக் கொடுத்த மாதிரி ஆகும், இது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆற்றுக்குள் பீரங்கிப் படகோடு வந்த நாள் முதல் அப்படித்தான் என்ற பொருளில் அவர் சொல்லியிருக்கிறார். மிகையில்லை. 1893 ஜூலையில் இரண்டு பிரெஞ்சுப் போர்ப் படகுகள் சாவ் பிரயா ஆற்றின் முகத்துவாரத்தைச் சுட்டுக்கொண்டே கடந்து பாங்காக்கில் வந்து நின்றன. மீகாங்கின் இடக்கரை முழுவதும் போனது. அபராதமும் கட்டினார்கள். அதோடு சந்தாபுரி நகரத்தைப் பிரெஞ்சுப் படை பிடித்துவைத்துக்கொண்டது, 1904 வரை. அந்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது அறையில் மூன்றாவது ஆளாகச் சந்தாபுரிப் பட்டாளம் உட்கார்ந்திருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிர்த்து எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவர் சீனாவின் வெலிங்டன் கூ. 1919இல் பாரீஸ் சமாதான மாநாட்டில் ஷாண்டோங் நிலத்தை ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்தபோது, வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று விலகிவந்த சீனத் தூதுக்குழுவின் முக்கியமான ஆள். பலவான்முன் பேசாமல் இருப்பது எப்படிப்பட்ட சம்மதம் என்று அந்தப் பன்னிரண்டு பேரில் சொந்த அனுபவத்தில் அறிந்தவர் அவர். என் ஓட்டு அவருடைய தர்க்கத்துக்கு.

ஆனால் கோயில் யாருக்கு என்றால், கம்போடியாவுக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டியவர்கள் கெமர்கள். கல்வெட்டும் அவர்களுடையது. விசித்திரம் என்னவென்றால் நீதிமன்றம் அந்தக் காரணத்தைத்தான் ஒதுக்கிவைத்தது. வரலாறு, சமயம், தொல்லியல் எதுவும் சட்டப்படி தீர்மானமான ஆதாரமல்ல என்றுவிட்டது. அதைக் குறை சொல்லவும் முடியாது. கட்டியவனுக்கே கோயில் என்று போனால் கெமர் கோயில்களான பீமாயும் பனோம் ருங்கும் தாய்லாந்துக்குள் அல்லவா இருக்கின்றன? சூரின், சிசாகெட் பக்கம் போனால் தாய்லாந்துக் குடிமக்கள் வீட்டில் கெமர் பேசுகிறார்கள். மலைக்கு இரு பக்கமும் மாமன் மச்சான்கள்.

ஆக, தன் முன்னோர் கட்டிய கோயிலைக் காப்பாற்றிக்கொள்ள, தன்னை அடிமையாக வைத்திருந்தவன் போட்ட கோட்டைக் கம்போடியா மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்று பெருமை பேசும் தாய்லாந்து, காலனியக் கொடுமை என்று முறையிட வேண்டியிருக்கிறது. தாய்லாந்தும் பால் குடிக்கிற குழந்தை அல்ல. லாவோ, மலாய், கெமர் பிரதேசங்களைத் திறை வாங்கும் நாடுகளாக வைத்திருந்து, பிறகு மாகாணங்களாக மாற்றி விழுங்கிய நிர்வாகி யார் தெரியுமா? அதே தம்ரோங். ஆளுநர்களுக்கு 15 பிரதிகள் எதற்குக் கேட்டார் என்பது இப்போது விளங்கும். கோடு போட்டு ஆளும் வித்தையை அவரும் அவசர அவசரமாகக் கற்றுக்கொண்டிருந்தார். தாய்லாந்து வரலாற்றறிஞர் தோங்சாய் வினிச்சகுல் 1994இல் வெளியான தம் ஆங்கில நூலில் இதைத்தான் விரிவாகக் காட்டினார்: அந்த நாடு என்ற உருவமே வரைபடத்திலிருந்து பிறந்தது. அதற்கு முன் எல்லை என்பது கோடாக இருந்ததில்லை. காடு, மலை, யாருக்குத் திறை கொடுக்கிறோம் என்ற உறவு. சிலர் இரண்டு ராஜாக்களுக்கும் கொடுத்தார்கள்.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1941இல் ஜப்பான் தயவில் தாய்லாந்து இந்தப் பகுதியைத் திரும்பப் பிடித்தது, 1946இல் விட்டுக்கொடுத்தது. கம்போடியா 1953இல் விடுதலை பெற்றதும் அடுத்த வருடம் தாய்லாந்துப் படை கோயிலில் வந்து உட்கார்ந்தது. 1959இல் கம்போடியா வழக்குப் போட்டது. கம்போடியாவுக்கு வாதாடியவர் முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன். தாய்லாந்துக்கு முன்னாள் பிரதமர் சேனி பிராமோஜ். வழக்குச் செலவுக்குத் தாய்லாந்து மக்கள் ஆளுக்கு ஒரு பாட் கொடுத்தார்கள். தோற்றதும் கொடியை இறக்கவில்லை. பறக்கிற கொடியோடு கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய் எதிர்ப்பாறையில் நட்டார்கள். அடுத்த ஜனவரியில் கம்போடியத் தலைவர் சிஹானூக் செங்குத்துப் பாறைவழியே கால்நடையாக ஏறிவந்து கோயிலை ஏற்றுக்கொண்டார். தாய்லாந்துக்காரர்கள் விசா இல்லாமல் வந்து கும்பிடலாம் என்றார். எடுத்துப்போன சிலைகளைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அந்தப் பெருந்தன்மையோடு விஷயம் முடிந்திருக்கலாம்.

விளிம்பில் நின்றபோது டிரைவர் கீழே காட்டினார். "அம்மா அதோ அந்தச் சரிவில்தான் இறங்கினார், பாங்." 1979 ஜூன். கெமர் ரூஜுக்கும் வியட்நாம் படைக்கும் தப்பித் தாய்லாந்துக்குள் ஓடியிருந்த கம்போடிய அகதிகளில் 40,000க்கும் மேற்பட்டோரைத் தாய்லாந்து ராணுவம் பஸ்களில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கி முனையில் பாறைச்சரிவில் இறக்கிவிட்டது. கீழே கண்ணிவெடிக் காடு. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அவருடைய அம்மா முன்னால் போனவர்களின் காலடியில் காலடி வைத்து நடந்தாராம். தண்ணீருக்கு விலகிப்போன சித்தப்பா திரும்பவில்லை. இதைச் சொன்னபோது அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கீழே நெல்வயல் பச்சை, குளங்கள், ஒரு செம்மண் சாலை, அதில் போகும் ஒற்றை லாரி. நீதிபதிகள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. மனிதர்களை எந்தப் பக்கமும் தள்ள முடிந்தது.

2008 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் பழைய புண் திறந்தது. கோயில் உங்களுடையதாக இருக்கட்டும், சுற்றியுள்ள 4.6 சதுர கிலோமீட்டர் யாருடையது என்றது தாய்லாந்து. 2011 பிப்ரவரியில் நான்கு நாள் பீரங்கிச் சண்டை. கம்போடியா மீண்டும் ஹேக் போனது. 2013 நவம்பர் 11 அன்று கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுடையது என்று நீதிமன்றம் விளக்கம் சொன்னது. பக்கத்து மேட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்த மேட்டுக்கும் மற்ற மலைக்கோயில்களுக்கும் கம்போடியா 1:2,00,000 வரைபடத்தை நீட்டுகிறது. தாய்லாந்து 1:50,000 அளவில் தான் பயன்படுத்தும் வரைபடத்தை நீட்டுகிறது. இரண்டு புலப்படத்தை வைத்துக்கொண்டு ஒரு வரப்பை அளந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

நான் திரும்பும்போது அந்தச் சிப்பாய் பாட்டரி ரேடியோவில் ஏதோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கையசைத்தார். இனிச் சண்டை வராது என்று டிரைவர் நம்பிக்கையாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

2025 மே 28 அன்று எல்லையில் சோங் போக் அருகே இரு நாட்டுப் படைகளுக்கிடையே நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு கம்போடியச் சிப்பாய் இறந்தார். அடுத்த மாதம் தாய்லாந்துப் பிரதமர் பேதோங்தான் சினவத்ரா, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னை அங்கிள் என்று அழைத்துப் பேசிய தொலைபேசி உரையாடல் கசிந்தது. அதற்காக ஆகஸ்டில் தாய்லாந்து நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. பேசாமல் இருந்த இளவரசர் கோயிலை விட்டார், பேசிய பிரதமர் நாற்காலியை விட்டார். ஜூலை 24 முதல் 28 வரை ஐந்து நாள் போர். ராக்கெட்டுகள், எஃப்-16 விமானங்கள். 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சுமார் மூன்று லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். மலேசியாவில் சண்டை நிறுத்தம் பேசினார்கள். டிசம்பரில் மறுபடி மூண்டது. 27ஆம் தேதி மறுபடி நிறுத்தம். பிரே விஹியர் கோயிலிலும் சேதம் என்று கம்போடியா முறையிட்டது.

ஜூலையில் டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். தெற்கே ஒரு புத்த விகாரையின் மைதானத்தில் தார்ப்பாய் கட்டி இருக்கிறோம் என்று பதில் வந்தது. அம்மாவும் கூட இருக்கிறார், இந்த முறை பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தார், டிராக்டரில் கூட்டிவந்தோம் என்று எழுதியிருந்தார்.

தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே எல்லை சுமார் 800 கிலோமீட்டர். அதில் மேற்குப் பகுதிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் 73 எல்லைக்கற்கள் நட்டார்கள். அந்தக் கற்களின் வரிசை, போல் பாட் எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் சோங் சாங்கம் கணவாயில் தொடங்கி மேற்கே கடல்வரை போகிறது. கணவாயிலிருந்து கிழக்கே, பிரே விஹியர் மலை உட்பட சோங் போக் வரை, 195 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் எல்லை என்று விட்டுவிட்டார்கள்.